மதாம் வட்டமிட்ட கொட்டாவிகள்

என் ஐம்பத்து மூன்று வருட வாழ்க்கையில் என் கொட்டாவியை மதித்தவர் ஒருவர்தான். மற்றவர்கள் எல்லாம் அதைக் கண்டித்திருக்கிறார்கள். பள்ளியில் அதற்காகப் பெஞ்சு மேல் நின்றிருக்கிறேன். ஆபீஸில் மெமோ வாங்கியிருக்கிறேன். என் கல்யாணத்தில், தாலியைக் கையில் கொடுக்கிற நேரத்தில், ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு என் வாய்க்குள் எட்டிப் பார்த்ததும், பின்னால் நின்ற மாமனாரின் முகம் போன போக்கும் வீடியோவில் இன்னும் இருக்கின்றன. மதாம் ஒருவர்தான், நான் வாயைப் பிளந்ததும் பியானோவிலிருந்து கையை எடுத்து, காதுக்கு மேல் செருகியிருந்த பென்சிலை உருவி, "எங்க? எந்த இடத்துல?" என்று ஆவலாகக் கேட்டவர்.

மதாம் என்றதும் பிரெஞ்சுக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். புதுச்சேரியில் வெள்ளையாக, வயதாகி, தொப்பி போட்டுக்கொண்டு சைக்கிள் ஓட்டுகிற எந்தப் பெண்மணியும் மதாம்தான். இவர் வேல்ஸ்காரர். இசையமைப்பாளர். சினிமாவுக்கு இல்லை. கறுப்புக் கோட்டுப் போட்ட எண்பது பேர் வரிசையாக உட்கார்ந்து, தாளைப் பார்த்து வாசிக்கிற இசை இருக்கிறதே, அது. சர்ச்சில் கூட்டமாக நின்று பாடும் குழுக்களுக்கும் நிறைய எழுதியிருக்கிறார். எட்டு வருடம் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தார். பெயரைச் சொல்லக்கூடாது என்று அவரே சொல்லியிருக்கிறார். "எங்க ஊர்ல இந்தப் பேர்ல ஏழு பேர் இருக்கோம். நீ எழுதினா வேற எவளுக்காவது பாராட்டு போயிடும்."

அவர் ஊரில் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே பெயராம். அதனால் தொழிலைச் சேர்த்துத்தான் கூப்பிடுவார்களாம். பால்கார இன்னார், தபால்கார இன்னார், சவப்பெட்டிக்கார இன்னார். "இங்கேயும் அப்படித்தான் மதாம், எங்க தெருவுல மூணு முருகன். கரண்டு முருகன், வலை முருகன், சும்மா முருகன்" என்றேன். அவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. உடனே எனக்கும் ஒரு பட்டம் சூட்டினார். கொட்டாவி வேலு. ஒரே வாரத்தில் எங்கள் மீனவர் குடியிருப்பான வைத்திக்குப்பம் முழுக்கப் பரவிவிட்டது. கூரியர்காரன்கூட, "கொட்டாவி சார் வூடு இதானே?" என்று கேட்டுக்கொண்டு வந்தான். என் மனைவி கலா அந்தக் கூரியரைக் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பினாள்.

வேல்ஸ் எங்கே இருக்கிறது என்று என் ஆபீஸில் யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. பக்கத்து மேஜைக்காரர், மூலக்குளத்திலிருந்து வருகிறவர், "இங்கிலீஷ்காரம்மாவுக்கா வாடகைக்கு விட்டிருக்க?" என்று, ஒருநாள் ஆபீஸுக்கு வந்திருந்த மதாம் முன்னாலேயே கேட்டுவிட்டார். மதாம் முகம் சிவந்தது. பிறகு மெதுவாக அவரைப் பார்த்து, "நீ தமிழ்நாட்டுக்காரனா?" என்றார்.

"இல்லையே, நான் பாண்டிச்சேரி!" என்று அவர் மேஜையைத் தட்டினார்.

"இதேதான். தட்டினியே, அதேதான்."

அன்றோடு, இங்கிலாந்தை ஒட்டியிருந்தும் இங்கிலாந்து இல்லாத வேல்ஸ் எங்கள் ஆபீஸுக்கு விளங்கிவிட்டது. உலகத்தில் வேறெந்த ஊர்க்காரருக்கும் இவ்வளவு சீக்கிரம் விளங்கியிருக்காது.

அவர் தமிழ் கற்றது மீன்காரம்மாக்களிடம். காலையில் கரையில் போய் நின்று, கேட்டு, திருப்பிச் சொல்லி, திட்டு வாங்கி, திருப்பித் திட்டிக் கற்ற தமிழ். மரியாதை என்கிற பாடத்தை அவர்கள் நடத்தவில்லை. விசா ஆபீஸில் ஒரு பெரிய அதிகாரியிடம், "இன்னாய்யா, காலைலேந்து நிக்கிறேன், வெயில் ஏறுது, சீக்கிரம் போட்டுக் குடு" என்றிருக்கிறார். அதிகாரி எழுந்து நின்று கையெழுத்துப் போட்டார் என்பார் மதாம். எழுந்து நின்றது கோபத்திலா மரியாதையிலா என்று நான் கேட்கவில்லை. கையெழுத்து விழுந்துவிட்டது.

அவர் குடிவந்த அன்று பியானோ படிக்கட்டு வளைவில் நுழையவில்லை. கலாவின் அண்ணனுடைய போட்டில் வேலை செய்கிற எட்டுப் பேர் வந்து, கயிறு கட்டி, பால்கனி வழியாக ஏற்றினார்கள். போட்டை மணலில் இழுக்கும்போது போடுகிற அதே குரலைப் போட்டுக்கொண்டு இழுத்தார்கள். பியானோ பாதி உயரத்தில் ஊசலாடிக்கொண்டிருக்கும்போது மதாம் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். கடைசிக் குரலை மட்டும் திரும்பப் போடச் சொல்ல வேண்டும் என்றார். அப்போது அவருக்குத் தமிழ் தெரியாது. நான்தான் மொழிபெயர்ப்பாளன்.

"இன்னா மாமா, பொட்டிய எறக்கிட்டு மறுபடி ஏத்தணுமா?" என்றான் கயிற்றின் முனையில் இருந்தவன்.

"பொட்டி வேணாமாம். குரல் மட்டும் வேணுமாம்."

"பாரம் இல்லாம குரல் எப்டி வரும்? அந்தம்மாகிட்ட சொல்லு."

சொன்னேன். மதாம் அந்த வாக்கியத்தை நோட்டில் எழுதிக்கொண்டார். பியானோ அதுவரை அந்தரத்தில் காத்திருந்தது. நான் அதற்கு நேர் கீழே நின்றுகொண்டிருந்தேன் என்பது கலா கத்திய பிறகுதான் எனக்கே தெரிந்தது.

பிற்பாடு ஒரு பத்திரிகைக்காரர் பேட்டிக்கு வந்தார். மீனவர் பாட்டை உங்கள் இசையில் சேர்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். "இல்லை" என்றார் மதாம். ராகங்கள்? "இல்லை." பின்னே இங்கே உட்கார்ந்து எதைத்தான் எழுதுகிறீர்கள்? "எங்க ஊரு மழைய. அங்க இருந்தா நனையறதுக்கே நேரம் சரியாப் போயிடும்." பேட்டி வெளிவரவில்லை.

முதல் கொட்டாவி நடந்த கதைக்கு வருகிறேன். கடல் காற்றில் பியானோவுக்குள் ஈரம் ஏறிவிடும் என்று, உள்ளே ஒரு சின்ன பல்பு எப்போதும் எரிந்துகொண்டிருக்க வேண்டும். அது ஃப்யூஸ் ஆகிவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை ஆபீஸ் விட்டு வந்ததும் மாற்றிக் கொடுக்கப் போனேன். மாற்றியதும் மதாம் உட்காரச் சொன்னார், வாசித்தார். நல்ல மூங்கில் நாற்காலி. கடல் காற்று. நான் புதுவை அரசின் யூ.டி.சி. குமாஸ்தா வேறு. மூன்றாவது நிமிடத்தில் வாய் தானாகத் திறந்தது. பியானோ நின்றது.

"மன்னிச்சிடுங்க மதாம்" என்று எழுந்துவிட்டேன்.

"உக்காரு. எந்த இடத்துல வந்துச்சு? இதுலயா... இதுலயா?" என்று இரண்டு இடங்களை வாசித்துக் காட்டினார்.

"ரெண்டாவது... இல்ல, அதுக்குக் கொஞ்சம் முன்னாடியே உள்ள கிளம்பிடுச்சு மதாம். வாய்க்கு வரத்தான் லேட்டு."

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். தாளில் அந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டார். பிறகு ரப்பரை எடுத்து எட்டு வரியை அழித்தார். திரும்ப வாசித்தார். நான் கொட்டாவி விடவில்லை. "நாளைக்கும் வா" என்றார்.

அப்படி ஆரம்பித்தது. செவ்வாய், சனி, மாலை ஐந்தரை. விதிகள் இரண்டு. வருவதற்கு முன்னால் காபி குடிக்கக்கூடாது. கொட்டாவியை அடக்கக்கூடாது. சின்னக் கொட்டாவிக்குச் சின்ன வட்டம், கண்ணில் நீர் வருகிற கொட்டாவிக்குப் பெரிய வட்டம். தலை சாய்ந்துவிட்டால் அந்தப் பக்கமே கிழியும். நாற்பது நிமிட சிம்பொனி ஒன்று என் தயவில் பத்தொன்பது நிமிடமானது. மூன்று அங்கம் இருந்த இசை நாடகம் ஒன்று, கடைசியில் ஒரு பெண் குரலும் யாழ் மாதிரியான ஒரு ஹார்ப்பும் மட்டும் இருக்கிற ஒரே பாட்டாக மிஞ்சியது. நாயகன், வில்லன், போர்வீரர்கள் அத்தனை பேரையும் நான் கொட்டாவியாலேயே கொன்றிருக்கிறேன். நாளைக்கு யாராவது அந்தத் தாள்களை ஆராய்ச்சி செய்து, இந்த வட்டங்கள் எல்லாம் கீழை நாட்டுத் தத்துவத்தின் பூஜ்யம் என்று பட்டம் வாங்கக்கூடும். வாங்கட்டும்.

கலாவுக்கு இது புரியவே இல்லை. அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். "வூட்ல தூங்கினா திட்றேன்னு மாடிக்குப் போயி தூங்கறியா?" என்பாள். மதாமுக்கு உடம்பு சரியில்லை என்றால் கஞ்சி கொண்டுபோய்க் கொடுப்பாள், ஊசி போடுவாள். பியானோ மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டால் மட்டும் இறங்கி வந்துவிடுவாள். "எனக்கு அது ஒத்துக்காது மதாம். நாளெல்லாம் வார்டுல பெல் சத்தம்."

ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டேன், இசை தெரிந்த எத்தனையோ பேர் இருக்க என்னை ஏன் பிடித்தீர்கள் என்று. அவர் அப்பா மலைக் குவாரியில் கூரைக்குப் போடும் கல்லைப் பிளக்கிறவராம். வேலை முடிந்து, முகத்தில் தூசியோடு, முப்பது ஆட்கள் சர்ச்சில் கூடிப் பாடுவார்களாம். இவர் பத்து வயதில் எழுதிய பாட்டை அப்பா அங்கே கொண்டுபோய்ப் பாட வைத்திருக்கிறார். இரண்டாவது பக்கத்தில் பாதிப் பேர் நின்றபடியே தூங்கிவிட்டார்கள்.

"நான் அழுதேன். அப்பா சொன்னாரு, பத்து மணி நேரம் கல்லு ஒடச்சவன் தூங்கினா அது அவன் தப்பு இல்ல, பாட்டோட தப்புன்னு."

"அப்போ நான் கல்லு ஒடச்சவன் மாதிரியா மதாம்?" என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

"நீ ஆபீஸ்ல உக்காந்தவன். அது இன்னும் நல்லது. அவங்களுக்கு உடம்புதான் களைக்கும்."

புகழ்ச்சி மட்டும் அவருக்கு ஆகவே ஆகாது. இருபத்திரண்டு வயதில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது எழுதிய மூன்று நிமிடப் பாட்டு ஒன்றை அவர் நாட்டில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் பாடுகிறார்களாம். ஐம்பது வருடமாக அதற்குப் பாராட்டுக் கடிதம் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் அவர் பதில் போடுவார், "நன்றி. எந்த இடத்தில் அலுத்தது?" என்று. ஒருவரும் மறு கடிதம் போட்டதில்லை. முதலியார்பேட்டையில் சர்ச் பாடகர் குழு ஒன்றை நடத்தும் லூர்து மாஸ்டர், மதாமின் பரம ரசிகர். வரும்போதெல்லாம், "தெய்வீகம் மதாம், தெய்வீகம்" என்பார். "இவன்கிட்ட ஒண்ணும் கெடைக்காது. நீ வா, உக்காரு" என்று மதாம் என்னைத்தான் நாற்காலியில் உட்கார வைப்பார். அந்த நாற்காலியில் நான் எத்தனை பெருமையோடு உட்கார்ந்தேன் என்பதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். வேறெதிலும் எனக்குத் தகுதி இருந்ததில்லை.

அந்தத் தகுதியைத்தான் நான் கெடுத்துக்கொண்டேன்.

ஒரு காலை மதாம் படியிறங்கி வந்து, எங்கள் சமையலறை வாசலில் நின்று, கலாவிடம், "தங்கச்சி போயிட்டாளாம். போன் வந்துச்சு" என்றார். மீன் விலை சொல்வதுபோல் சொன்னார். அப்போதுதான் டெங்குவிலிருந்து எழுந்து உட்கார்ந்திருந்தார். விமானம் ஏறுகிற நிலையில் இல்லை. அடக்கத்துக்குப் போக முடியவில்லை. கலா கையைப் பிடித்து உட்கார வைத்தாள். காபியைக் குடித்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தத் தங்கையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

பத்து நாள் கழித்து எழுத ஆரம்பித்தார். தங்கை நாற்பது வருடம் பாடிய அதே சர்ச்சில், வருட நினைவு நாளில், அந்த ஊர்க் குழு பாடுவதற்காக ஒரு இசை. மூன்று பகுதி. நடுப்பகுதி தங்கைக்கு. அதை அவர் சொல்லவில்லை. அந்தத் தாளின் மேலே மட்டும் தலைப்பு இல்லாமல் வெறுமையாக இருந்தது. கலாதான் சொன்னாள், "அது அவங்க தங்கச்சிக்கு. அதுல போயி வாயப் பொளந்துகினு உக்காராத. மனுசனா இரு."

முதல் தடவை அதை அவர் வாசித்தபோது ஆறு நிமிடம். மெதுவாக, ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வருகிற இசை. இரண்டாவது நிமிடத்திலேயே எனக்கு உள்ளே கிளம்பிவிட்டது. பல்லைக் கடித்தேன். தொடையைக் கிள்ளினேன். மூக்கு வழியாக எப்படியோ அதை வெளியே அனுப்பினேன். மதாம் முடித்துவிட்டுத் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை அவரிடம் அதற்கு முன் கண்டதில்லை. பரீட்சை முடிவைக் கேட்கிற பிள்ளையின் பார்வை.

"தூக்கமே வரல மதாம்" என்றேன்.

அவர் ரப்பரைத் தொடவில்லை.

அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. நான் கொட்டாவி விடவில்லை என்றதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை அது எட்டு நிமிடமாகியிருந்தது. அதற்கடுத்த வாரம் பத்து. நான் ஆபீஸ் வாசல் கடையில் இரண்டு டிகிரி காபி குடித்துவிட்டு, ஏலக்காய் மென்று வாசனையை மறைத்துக்கொண்டு படியேறினேன். பன்னிரண்டு நிமிடமானபோது காபி போதவில்லை. சட்டைப் பையில் பச்சை மிளகாய் வைத்துக்கொண்டு, அவர் பக்கத்தைப் புரட்டும்போது நுனியைக் கடித்தேன். கண்ணில் நீர் வந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு, மனம் நெகிழ்ந்து இன்னும் இரண்டு நிமிடம் சேர்த்தார்.

பதினான்கு நிமிடம்! ஊரில் இருக்கிற அத்தனை சோகத்தையும் ஒருவர் உட்கார்ந்து பொறுமையாக மடித்து அடுக்குவதுபோல் இருக்கும். நான் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை நினைத்தேன். மூன்று தடவையும் ஏலக்காயை விழுங்கினேன்.

அவர் ஊருக்கு அனுப்புவதற்கு முன்னால் ஒரு தடவை பாடிப் பார்த்துவிடலாம் என்று லூர்து மாஸ்டர் குழு மூன்று மாதம் பயிற்சி எடுத்தது. ஒரு பள்ளிக்கூட ஹாலில் ஞாயிற்றுக்கிழமை மாலை நிகழ்ச்சி. நூற்றைம்பது பேர் வந்திருந்தார்கள். முதல் பகுதி நன்றாகப் போனது. நடுப்பகுதி ஆரம்பித்து மூன்று நிமிடத்தில் முதல் இருமல் கேட்டது. ஐந்தாவது நிமிடத்தில் ஒரு பெண்மணி கைப்பையைத் திறந்து முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தார், சத்தம் வராமல் பிரிப்பதாக நினைத்துக்கொண்டு. எட்டாவது நிமிடத்தில் பின்வரிசை செல்போன் வெளிச்சத்தில் தீபாவளி மாதிரி இருந்தது. எங்கிருந்தோ ஒரு குறட்டை, பாடகர்களின் சுதியோடு ஒட்டியும் ஒட்டாமலும்.

முன்வரிசையில் இருந்த மதாம் மெல்லத் திரும்பினார். இருமியவரைப் பார்க்கவில்லை, முறுக்கைப் பார்க்கவில்லை. நாலு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். அந்த ஹாலிலேயே கண்ணை அகலத் திறந்துகொண்டு, நெட்டுக்குத்தலாக உட்கார்ந்திருந்த ஒரே ஆள் நான்தான். என் கன்னத்துக்குள் மிளகாய் இருந்தது.

முடிந்ததும் எல்லாரும் வந்து கையைக் குலுக்கினார்கள். ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர், "மெய்சிலிர்த்துவிட்டது மதாம்" என்றார். அவர் கன்னத்தில் அவருடைய கைக்கடிகாரத்தின் வட்டம் அப்படியே பதிந்திருந்தது. மதாம் எல்லாருக்கும் நன்றி சொன்னார். யாரிடமும் எந்த இடத்தில் என்று கேட்கவில்லை.

ஆட்டோ பிடித்து வீடு வந்தோம். எங்கள் வீட்டு கேட்டைத் திறக்கும்போது கேட்டார்.

"எப்ப வந்துச்சு உனக்கு?"

"மொத நாளே மதாம்."

"எந்த இடத்துல?"

"தெரியல. அடக்கறதுலயே இருந்துட்டேன், கவனிக்கல."

அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஊரே பொய் சொல்லுது வேலு. நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு அம்பது வருஷமா. அது எனக்குப் பழகிப்போச்சு. உங்கிட்ட ஒரே ஒரு கொட்டாவிதான்யா கேட்டேன். அதக்கூட நீ..." மீதியை மீன்கரைத் தமிழில் சொன்னார். அதை எழுத முடியாது. எல்லாம் எனக்குப் பொருத்தமான வார்த்தைகள்தான்.

"உங்க தங்கச்சிக்காகன்னு..." என்று இழுத்தேன்.

"என் தங்கச்சிக்கு முன்னாடி போயி இந்தக் குப்பையப் பாட வெச்சிருப்பேனே! அங்க தூங்கியிருப்பாங்களே, அவ சர்ச்சுல, அவ பேரச் சொல்லி!"

படியேறிப் போனார். மூன்று வாரம் மாடியில் சத்தமே இல்லை. தாள்கள் ஊர் போய்ச் சேர வேண்டிய நாளுக்கு ஒரு மாதம்தான் இருந்தது. செவ்வாயும் சனியும் ஐந்தரைக்கு நான் கீழே ஹாலில் உட்கார்ந்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். டி.வி.யில் என்ன ஓடினாலும் கண் மூடவில்லை. கலா முதல் வாரம் கிண்டல் செய்தாள். இரண்டாவது வாரம் திட்டினாள். மூன்றாவது வாரம், "போயி மன்னிப்பு கேளேன்யா" என்றாள்.

"கேட்டாச்சு. ரெண்டு தடவை. கதவத் தெறக்கல."

"வாயால கேட்டிருப்ப. அந்தம்மாவுக்கு உன் வாயி எதுக்கு வேணும்னு உனக்குத் தெரியாதா?"

மறுநாள் செவ்வாய். மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணயராமல், காபி குடிக்காமல், ஆபீஸில் மூன்று வருடத்துக் கோப்புகளை உட்கார்ந்து சரிபார்த்தேன். அதிகாரி பயந்துபோய் உடம்புக்கு என்ன என்று கேட்டார். அதே களைப்போடு நேராக மாடியேறினேன். கதவு திறந்திருந்தது. நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். மதாம் என்னைப் பார்த்தார். நடுப்பகுதியை எடுத்து முதலிலிருந்து வாசித்தார்.

இரண்டாம் நிமிடத்தில் கொட்டாவி விட்டேன். தாடை சொடக்கு விட்டது. வட்டம். ரப்பர். மறுபடி வாசித்தார். கொட்டாவி. வட்டம். ரப்பர். எத்தனை தடவை என்று கணக்கில்லை. ரப்பர் தூள் பியானோ மேலெல்லாம் கொட்டிக் கிடந்தது. பதினான்கு எட்டாகி, எட்டு நாலாகி, ஏழு மணிக்குச் சற்று முன்னால், ஒன்றரை நிமிடத்தில் வந்து நின்றது. அந்த ஒன்றரை நிமிடத்தை வாசித்தார்.

"இப்ப?"

"முழிச்சிருக்கேன் மதாம்."

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"நீ தூங்கினா நம்புவேன் வேலு. முழிச்சிருந்தா நம்ப முடியல. இனிமே முடியாது."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். சத்தியமாக முழித்திருக்கிறேன் என்று வாய் வரை வந்தது. சத்தியத்தை வைத்து அவர் என்ன செய்வார்?

அந்த நேரத்தில் கீழே கேட் சத்தம். கலா டியூட்டி முடிந்து வந்துகொண்டிருந்தாள். மதாம் பால்கனிக்குப் போய், "கலா! இங்க வா!" என்று கூப்பிட்டார். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல், யாருக்கோ என்னமோ ஆகிவிட்டது என்று ஓடி வந்தாள்.

"உக்காரு. ரெண்டு நிமிஷம்."

"ஐயோ, எனக்கு இதெல்லாம் தெரியாது மதாம். காலெல்லாம் வீங்கிக் கெடக்குது. காலைலேந்து நின்னது நின்னபடி."

"அதான் வேணும். உக்காரு." பிறகு என்னைப் பார்த்து, "நீ வெளிய போ. உன் மூஞ்சியப் பார்த்து அவ எதையும் தெரிஞ்சிக்கக் கூடாது."

நான் பால்கனிக்குப் போய்க் கடலைப் பார்த்து நின்றேன். கலா நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டி, வலியில் ஒரு பெருமூச்சு விட்டது கேட்டது. மதாம் வாசித்தார். ஒன்றரை நிமிடம் என்பது எவ்வளவு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பியானோ நின்றது.

தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். பாவம், நர்ஸ் வேலை பார்த்துவிட்டு வந்தவள், தூங்காமல் என்ன செய்வாள்?

"முடிஞ்சிடுச்சா?" என்றாள் கலா. குரல் ஒரு மாதிரி இருந்தது.

"ம்."

"இன்னா மதாம், இப்டி பாதில வுட்டுட்டீங்க? இப்பதான ஏதோ சொல்ல வந்திச்சு..."

"ஆமா," என்றார் மதாம். "அப்படித்தான் போனா."

கலா எழுந்துபோகிற சத்தம். மாடிச் சமையலறையில் அடுப்பைப் பற்ற வைத்து, கெட்டிலைத் தேடி, தண்ணீர் பிடித்தாள். பிறகு நாற்காலியைப் பியானோ பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள் போலிருக்கிறது. மதாம் பேச ஆரம்பித்தார். தங்கையின் பெயரைச் சொன்னார், அவள் போன பிறகு முதல் தடவையாக. குளிருக்கு இரண்டு பேரும் ஒரே கோட்டுக்குள் நுழைந்துகொண்டு பள்ளிக்கூடம் போனதைச் சொன்னார். பாட்டு வரி மறந்தால் தங்கை வாயை மட்டும் அசைத்துச் சமாளிப்பாள் என்று சொன்னார். அதற்குக் கலா சிரித்தாள். மதாமும் சிரித்தார், பிறகு அது வேறாக மாறியது. கெட்டில் கொதித்து விசில் அடித்தும் யாரும் எழுந்து போகவில்லை.

என்னை உள்ளே வரச் சொல்வார்கள் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். சொல்லவில்லை. பால்கனிக் கதவு வழியாகப் பூனை மாதிரி நுழைந்து, அடுப்பை அணைத்து, டீ போட்டு, மூன்று டம்ளரில் ஊற்றப் போனவன், இரண்டில் ஊற்றி அவர்கள் பக்கத்தில் வைத்துவிட்டுப் படியிறங்கினேன்.